என் கணக்கில் விடுபட்ட வரிசை



நான் பொறியியல் படிக்கிறவன், நான்காம் ஆண்டு. பொருளாதாரத்தைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. என் தங்கையோடு போட்ட ஒரு சண்டைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்தச் சண்டையில் நான்தான் ஜெயித்தேன். என் பக்கம்தான் தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

தங்கை எஸ்.டி.பி.எம். முடித்தாள். கணக்கியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். இரண்டு வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது தங்கை மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நான் கணக்கியலோட பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிக்கலாம்னு இருக்கேன். அங்க அப்படி எடுக்கலாமாம். ஆனா ஒரு செமஸ்டர் கூடுதலா ஆகும்."

அப்பா லோரி ஓட்டுகிறார். முட்டி வலி வந்து இரண்டு வருடமாகிறது. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். அவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் படிப்பு விஷயம் என்றால் தீர்ப்பு சொல்கிற வேலை எனக்கு. அன்றைக்குச் சித்தப்பாவும் வந்திருந்தார். "கணக்கியல் படிச்சா கணக்காளர் ஆகலாம். பொருளாதாரம் படிச்சா என்னம்மா ஆகலாம்? டிவியில வந்து பேசலாம், அவ்வளவுதான்" என்றார்.

நான் மடிக்கணினியைத் திறந்தேன். மூன்றாம் ஆண்டில் எங்களுக்குப் பொறியியல் பொருளாதாரம் என்று ஒரு பாடம் உண்டு. இயந்திரம் வாங்கலாமா, பாலம் கட்டலாமா என்பதை எல்லாம் பணமாக மாற்றி, லாபமா நஷ்டமா என்று சொல்லிவிடும் பாடம். அதே முறையில் தங்கையையும் கணக்கு போட்டேன். ஒரு செமஸ்டருக்குக் கட்டணம், தங்கும் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 6,000 வெள்ளி. ஆறு மாதம் தாமதமாக வேலைக்குப் போவதால் இழக்கும் சம்பளம், மாதம் 2,500 என்று வைத்தால் 15,000. மொத்தம் 21,000 வெள்ளி.

"பாத்தியா? இதுக்குப் பேருதான் வாய்ப்புச் செலவு" என்றேன்.

"அண்ணா, அந்த வார்த்தையே பொருளாதாரத்துலேர்ந்து வந்ததுதான்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் 21,000 வெள்ளி சிரிப்பில் கரைந்து போகவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனார். தங்கை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஜெயித்தது இப்படித்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதற்கு முந்தைய நீண்ட விடுமுறையில் நான் ஒரு தொழிற்சாலையில் பிராக்டிகல் செய்தேன். மூன்று ஷிப்டாக ஓடும் தொழிற்சாலை. செலவைக் குறைக்க ஏதாவது ஒரு திட்டம் கொடு என்று என் மேற்பார்வையாளர் சொன்னார். இயந்திரப் பக்கம் எல்லாவற்றையும் ஏற்கெனவே இறுக்கிப் பிடித்திருந்தார்கள். என் கண்ணில் பட்டது பஸ்.

இரவு ஷிப்டு ஆட்களை ஏற்றி வர, கொண்டுபோய் விட, ஒரு பஸ்ஸை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மாதம் 7,500 வெள்ளி, வருடத்துக்கு 90,000. ஒரு காலத்தில் நாற்பது பேர் ஏறிய பஸ்ஸில், இப்போது 14 பேர்தான். பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆளுக்கு மாதம் 80 வெள்ளி போக்குவரத்துப் படி கொடுத்தால், வருடத்துக்கு 13,440 வெள்ளிதான் செலவு. மிச்சம் 76,560. நான் இதை ஒரு பக்கத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். நிர்வாகம் உடனே ஏற்றுக்கொண்டது. எனக்கு 'ஏ' கிடைத்தது. மேற்பார்வையாளர் தோளில் தட்டி, "பஸ்ஸுல இவ்வளவு காசு கிடக்குன்னு யாரும் யோசிக்கல பாரு" என்றார்.

தங்கையோடு சண்டை போட்ட மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயிலில் அன்னதானம் பரிமாறிக்கொண்டிருந்தோம். எங்களோடு எப்போதும் பரிமாறுகிற ஓர் அக்கா அன்று தாமதமாக வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, தூங்கிவிட்டதாகச் சொன்னார். "நேத்து ராத்திரி ஷிப்டு தம்பி. இப்பல்லாம் மோட்டார்லதான் போறேன். பஸ்ஸ நிறுத்திட்டாங்க. மழை பெஞ்சா பாலத்துக்கு அடியில நின்னுட்டுப் போகணும். போய்ச் சேர்ந்துட்டியாம்மா, போய்ச் சேர்ந்துட்டியாம்மான்னு மகன் மெசேஜ் போட்டுக்கிட்டே இருப்பான். பதில் போடற வரைக்கும் அவனும் தூங்க மாட்டான்."

எந்தத் தொழிற்சாலை என்று கேட்டேன். சொன்னார்.

"யாரோ படிச்சவங்க வந்து கணக்கு போட்டாங்களாம்" என்றும் சொன்னார். அதில் கோபம்கூட இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். என் கையில் சாம்பார் வாளி இருந்தது. அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து பழைய அறிக்கையை மறுபடி திறந்து பார்த்தேன். ஒரு எண்கூடத் தப்பில்லை. பெருக்கல் சரி, கூட்டல் சரி. யாரிடமும் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை. அப்படியானால் தப்பு எங்கே? அல்லது தப்பே இல்லையா? பிடிக்காத உண்மையைப் பார்த்துவிட்டு மனம் சும்மா அலட்டிக்கொள்கிறதா?

வேறு வழியில்லாமல் தங்கையிடமே போனேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அறிக்கையை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அண்ணா, பஸ் செலவு இல்லாமப் போச்சா, இல்ல வேற வீட்டுக்குப் போச்சா?"

வணிகப் படிப்புக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கணக்கியல், நிதி, நிர்வாகம் எல்லாம் ஒரு நிறுவனத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, வேலிக்குள்ளே எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று பார்க்கின்றன. அது தப்பில்லை, வேலி இல்லாமல் கணக்கே எழுத முடியாது. ஆனால் வேலியைத் தாண்டிப் போன செலவு, அந்தக் கணக்குப்படி மறைந்துபோன செலவு. பொருளாதாரமோ வேலியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறது. அங்கே எந்தச் செலவும் மறைவதில்லை. யாரோ ஒருவர் தலையில் இறங்குகிறது. இதற்குப் புறவிளைவு என்று பெயர். செய்த செயலின் பலன் எங்கேயாவது யாரையாவது போய்ச் சேரும் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது ஒன்றும் புதுச் செய்தி இல்லை. ஆனால் அதை எண்ணிப் பார்க்க ஒரு முறை இருக்கிறது என்பது எனக்குப் புதுசு.

எண்ணிப் பார்த்தோம். மோட்டார் தவணை, பெட்ரோல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து அக்காவுக்கு மாதம் ஏறக்குறைய 300 வெள்ளி ஆகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 14 பேருக்கும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 50,400 வெள்ளி. அவர்களுக்குக் கிடைத்த படி 13,440. மீதி 36,960 வெள்ளி அவர்கள் சொந்தக் காசு. அதாவது, நான் 'மிச்சப்படுத்திய' 76,560 வெள்ளியில் ஏறக்குறைய பாதி, இரவு ஷிப்டு ஆட்களின் சட்டைப்பையிலிருந்து எடுத்தது.

இப்போது கதை இன்னும் சங்கடமாகிறது. பாதியை அவர்களிடமிருந்து எடுத்தாலும் மீதிப் பாதி உண்மையான மிச்சம்தான். நாற்பது பேருக்கான பஸ்ஸை 14 பேருக்கு ஓட்டுவது வீண் செலவு என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆக, பஸ்ஸை நிறுத்தியது சரியா, தப்பா?

நூலகத்தில் பொருளாதார நூல்களைப் புரட்டியபோது, இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களைச் சந்தித்தேன். 1939ல் நிக்கலஸ் கால்டோர், ஜான் ஹிக்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். ஒரு மாற்றத்தால் சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம். லாபம் அடைந்தவர்கள் நஷ்டம் அடைந்தவர்களுக்கு முழுசாக ஈடு கொடுத்த பிறகும் கையில் மிச்சம் இருக்குமானால், அந்த மாற்றத்தால் மொத்தத்தில் நன்மை என்று எடுத்துக்கொள்ளலாம். என் பஸ் அந்தத் தேர்வில் பாஸ். நிறுவனம் 14 பேருக்கும் 80க்குப் பதில் 300 வெள்ளி கொடுத்திருந்தாலும், வருடத்துக்கு 39,600 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

ஆனால் கவனியுங்கள். ஈடு கொடுக்க முடியுமா என்றுதான் அந்த அளவுகோல் கேட்கிறது. கொடுத்தார்களா என்று கேட்கவில்லை. இந்த ஓட்டையைப் பொருளாதார அறிஞர்களே சுட்டிக்காட்டி, பல ஆண்டுகளாக வாதம் செய்திருக்கிறார்கள். கொடுக்க முடியும் என்பதற்கும் கொடுத்தார்கள் என்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் அறம் இருக்கிறது. 39,600 வெள்ளி லாபமும் கிடைத்து, யாருக்கும் காசு நஷ்டம் இல்லாமலும் செய்திருக்கலாம். யாரும் அதை வேண்டாம் என்று மறுக்கவில்லை. கேட்கவே இல்லை. என் அட்டவணையில் அதற்கு ஒரு வரிசை இல்லை, அவ்வளவுதான்.

அந்த மகனின் தூக்கத்தை எந்த வரிசையில் போடுவது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. 300 வெள்ளியைக் கையில் கொடுத்தாலும் பாலத்துக்கு அடியில் நிற்கிற பயம் போகாது. எல்லாவற்றையும் பணமாக மாற்றிவிட முடியாது என்பதும், மாற்றிப் பார்த்த பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொரு உதாரணம், எங்கள் பாடத்திலிருந்தே. எதிர்காலத்தில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு தள்ளுபடி விகிதம் பயன்படுத்துவோம். தேர்வில் அதைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவார்கள். 10 விழுக்காடு என்று கொடுத்தால் 10 விழுக்காடு. நாங்கள் கேள்வி கேட்பதில்லை. அந்த விகிதத்தில், இன்னும் ஐம்பது வருடம் கழித்து வரப்போகிற பத்து லட்சம் வெள்ளி நஷ்டத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 8,500 வெள்ளி. அதாவது, நம் பேரப்பிள்ளைகளின் ஆறு பாழாகாமல் தடுக்க இன்று 8,500 வெள்ளிக்கு மேல் செலவு செய்வது நஷ்டம் என்று கணக்கு சொல்லும். அதே பத்து லட்சத்துக்கு 1.4 விழுக்காடு போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் வெள்ளி வரும். ஆறு ஒன்றுதான், நஷ்டமும் ஒன்றுதான். விகிதம் மட்டும் மாறியது.

இந்த 1.4 என் கற்பனை இல்லை. 2006ல் பிரிட்டனில் நிக்கலஸ் ஸ்டெர்ன் பருவநிலை மாற்றத்தைப் பற்றி எழுதிய அறிக்கையில் ஏறக்குறைய அந்த விகிதம்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. பின்னால் 2018ல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்டௌஸ், அது மிகவும் குறைவு என்று வாதிட்டார். இன்னும் பிறக்காதவர்களின் துன்பத்துக்கு எவ்வளவு எடை போடுவது என்பதும் அந்தச் சண்டைக்குள் இருந்தது. அது ஒரு தர்மக் கேள்வி. எங்கள் தேர்வுத்தாளில் அது ஒரு எண்ணாக வந்து உட்கார்ந்திருந்தது. தங்கை படிக்க ஆசைப்பட்ட பாடத்தில், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் பொருளாதாரம் மட்டும் போதும், கணக்கியல் வேண்டாமா? அதுவும் இல்லை. நம் நாட்டிலேயே இதற்குச் சரியான உதாரணம் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டு முதலாளிகள் பலர் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். விற்றவர் கணக்கில் லாபம், வாங்கியவர் கணக்கிலும் லாபம். தோட்டத்தில் இருந்த நம் மக்களுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. அந்த நஷ்டம் யாருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. பாதிப்பு யார் தலையில் இறங்குகிறது என்று பார்க்க ஒரு பார்வை வேண்டியிருந்தது. அந்தப் பார்வை மட்டும் இருந்திருந்தால் மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பங்கு சேர்க்க, கணக்கு எழுத, தோட்டத்துக்கு விலை பேசி வாங்க, லாபத்தில் நடத்த, வணிகமும் தெரிய வேண்டியிருந்தது. தங்கை இரண்டையும் சேர்த்துக் கேட்டதில் இருந்த நியாயம் அதுதான். எங்கே வலிக்கிறது என்று ஒரு பாடம் காட்டும். கையில் என்ன இருக்கிறது, என்ன செய்ய முடியும் என்று இன்னொரு பாடம் சொல்லும்.

நம் நாட்டின் அரசப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஒரு பொருளாதார அறிஞர். கிராமப்புற ஏழ்மையை அளக்க, ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை கைலி என்று எண்ணிப் பார்க்கலாம் என்றார். கைலிக் கணக்கு என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு வீட்டுக்குள் போய்க் கொடியில் தொங்குவதை எண்ணிப் பார்க்கிற மனசு எனக்கு அந்தத் தொழிற்சாலையில் இருந்திருந்தால், ஒரு நாள் இரவாவது அந்த பஸ்ஸில் ஏறிப் போயிருப்பேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பொருளாதாரம் படித்தவர் எல்லாம் தர்மவான் என்று நான் சொல்ல வரவில்லை. 1981ல் மார்வெல், ஏம்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எல்லாருக்கும் பயன்படும் ஒரு பொது நிதிக்குக் கையில் இருப்பதில் எவ்வளவு போடுவீர்கள் என்று பார்க்கும் சோதனை. பொருளாதார முதுகலை மாணவர்கள் மற்றவர்களைவிட மிகவும் குறைவாகப் போட்டார்களாம். அவரவர் தன் லாபத்தைப் பார்ப்பதே இயல்பு என்று படித்துப் படித்து அப்படி ஆனார்களா, அப்படிப்பட்டவர்கள்தான் அந்தப் படிப்புக்கு வருகிறார்களா என்பது தனி விவாதம். எப்படி இருந்தாலும், பாடம் கேள்வியைக் கையில் கொடுக்கும். கேட்பதற்கான மனசைக் கொடுக்காது.

அந்த மனசு எங்கிருந்து வருகிறது? பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒழுக்கவியல் சொல்லிக்கொடுத்தவர். நாடுகளின் செல்வத்தைப் பற்றி 1776ல் எழுதுவதற்கு முன்பே, 1759ல் மனிதர்களின் அற உணர்ச்சிகளைப் பற்றி எழுதிவிட்டார். நமக்கு அது வியப்பில்லை. திருக்குறளில் பொருட்பாலுக்கு 70 அதிகாரம், அறத்துப்பாலுக்கு 38தான். பொருளைத் தாழ்வாக நினைத்திருந்தால் வள்ளுவர் அவ்வளவு எழுதியிருக்கமாட்டார். ஆனால் 38 முன்னால் வருகிறது, 70 அதன் பின்னால் வருகிறது. அறம், பொருள், இன்பம், வீடு என்று நாம் சின்ன வயதிலிருந்து ஒப்பிப்பதும் அந்த வரிசையில்தான். ஒப்பிக்கும்போது நான் வரிசையைக் கவனித்ததில்லை.

கேட்காமல் விட்டது பாவமா என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். தெரியாமல் செய்தது தப்பாகாது என்று ஒரு பக்கம் மனசு வக்காலத்து வாங்குகிறது. ஆனால் எனக்குத் தெரிந்திருக்க முடியும். பஸ் தொழிற்சாலை வாசலிலேயே நின்றது. அதில் ஏறிய 14 பேரின் பெயர்ப்பட்டியல் என் கையில் இருந்தது. அந்தப் பட்டியலை நான் எண்ணிக்கைக்காகப் பார்த்தேன், பெயர்களைப் படிக்கவில்லை. படித்திருந்தால் அக்காவின் பெயர் அதில் இருந்திருக்கும். தெரியாமல் செய்வது வேறு, தெரிந்துகொள்ளாமல் செய்வது வேறு. இரண்டாவதற்கு நான் பொறுப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

போன வாரம் பழைய மேற்பார்வையாளருக்கு, புதுக் கணக்கை மின்னஞ்சலில் அனுப்பினேன். படியை 300 வெள்ளி ஆக்கினாலும் உங்களுக்கு 39,600 வெள்ளி மிச்சம் என்று எழுதினேன். சின்ன வேன் ஒன்றுக்கு வாடகை விசாரித்துப் பார்க்கலாமே என்றும் எழுதினேன். இதுவரை பதில் இல்லை. வரலாம், வராமலும் போகலாம். ஒரு பிராக்டிகல் மாணவன் பஸ்ஸை நிறுத்தச் சொன்னால் உடனே கேட்டார்கள். வேன் விடச் சொன்னால் கேட்பார்களா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் அப்பாவிடம் பேசினேன். என் 21,000 வெள்ளிக் கணக்கில் ஒரு பக்கம்தான் இருந்தது, மறுபக்கத்தை நான் எழுதவே இல்லை என்று சொன்னேன். மறுபக்கத்தில் என்ன என்று கேட்டார். பஸ் கதையைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவ படிக்கட்டும்" என்றார். அந்த 6,000 வெள்ளியை என் முதல் வருடச் சம்பளத்திலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. டிவியில் வந்து பேசினால் ஒத்துக்கொள்வாராம்.

வணிகம் படிக்கும் நண்பர்களே, உங்கள் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிக்க வழி இருந்தால், முடிந்தவரை அதை விடாதீர்கள். பொருளாதாரம் படிப்பவர்களே, ஒரு பாடமாவது கணக்கியல் எடுங்கள். என்னைப் போன்ற பொறியியல் பிள்ளைகளே, நம்மிடம் யாராவது ஒரு விகிதத்தைக் கொடுத்தால், ஒரு பட்டியலைக் கொடுத்தால், கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் ஒரு தடவை நிதானித்துப் பெயர்களைப் படித்துப் பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான்கு வெள்ளிக்கிழமை பக்கத்தில் நின்று பரிமாறியும் வாய் வரவில்லை. இந்த இதழ் அச்சானதும் எங்கள் கோயில் வாசலில் மேசை போட்டுத்தான் கொடுப்பார்கள். அக்கா தவறாமல் ஒன்று வாங்கிப் போவார், மகன் தமிழ் படிக்கட்டும் என்று. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும்.